ஆத்தங்குடி வீட்டில் நான் எழுதிய 92

நேற்று எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில், உலக நாடுகளைத் தொழிலாளர் (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும்) எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று வந்தது. சீனா சுமார் 77 கோடி, இந்தியா சுமார் 60 கோடி, அமெரிக்கா சுமார் 17 கோடி, இந்தோனேசியா சுமார் 15 கோடி என்று அது நீண்டது. மக்கள்தொகையில் சீனாவை முந்திவிட்டோம், இதிலும் சீக்கிரம் முந்திவிடுவோம் என்று தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன் கீழே எழுதியிருந்தான். எனக்கோ பட்டியலின் இரண்டாவது வரியைத் தாண்டிக் கண் நகரவில்லை. அப்படிப்பட்ட ஓர் எண்ணிக்கைக்காக வீடு வீடாகப் போனவன் நான். எண்ண வேண்டிய ஓர் ஆளை எண்ணாமல் வந்தவனும் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுத்து நடத்தும் கணக்கெடுப்பு ஒன்றில் களப்பணியாளராக இருந்தபோது, காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். பின்கட்டில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை. கணவர் கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கண்ணிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து மணல் சலித்துக்கொண்டிருந்தார். சலித்து முடித்ததும் எழுந்து, முந்தின நாள் போட்ட கற்களைக் கண்ணாடியோடு இரண்டிரண்டாகத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். "அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டேன். "அவ வேலைக்கெல்லாம் போகலைங்க தம்பி, வீட்டுலதான் இருக்கா" என்றார் கணவர். அந்த அம்மாவும் மறுக்கவில்லை. நான் 92 என்று குறித்துக்கொண்டேன். எங்கள் படிவத்தில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்று பொருள். எழுத வேண்டியது 21. குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவர் என்பது அது. 92 என்று எழுதினால் அவர் நாட்டின் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே போய்விடுவார், 21 என்று எழுதினால் உள்ளே இருப்பார். மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு வீடு ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஈடாக நிற்பதால், விடுபடுவது ஒரு பெண் மட்டுமல்லர்.

அந்த வீட்டின் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். அவன் சிங்கப்பூரின் கணக்கில் வருவான். அந்த நாட்டுத் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவனைப் போன்ற வெளிநாட்டவர்கள். கத்தாரில் இது பத்தில் ஒன்பது பங்கையும் தாண்டும். ஆக, உழைப்பவர் மூவர் உள்ள அந்தக் குடும்பத்தில் ஒருவர் இந்தியக் கணக்கில், ஒருவர் சிங்கப்பூர்க் கணக்கில், அந்த அம்மா எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. பற்று வரவு எழுதித் தழைத்த செட்டிநாட்டு ஊர்கள் நம்முடையவை. ஐந்தொகை (கணக்கு முடிக்கும் இருப்புநிலை) பொருந்தாமல் இடித்தால் எந்தப் பதிவு விட்டுப்போனது என்று விடிய விடிய விளக்கை வைத்துக்கொண்டு தேடியவர்களின் ஊர்களில், இப்படி ஒரு விடுபாடு யாருக்கும் உறுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது சீனாவையும் நம்மையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 15 முதல் 64 வயது வரையுள்ளோர் இரு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நூறு கோடிக்குச் சற்றுக் குறைவு. அப்படியிருக்கத் தொழிலாளர் எண்ணிக்கையில் மட்டும் பதினேழு கோடி அளவுக்கு வித்தியாசம் ஏன்? ஆண்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சீனாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு அறுபது பேர் அளவில் தொழிலாளர் கணக்கில் வருகிறார்கள். நம்முடைய தொழிலாளர் கணக்கெடுப்பில் இது 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7 விழுக்காடு. பதினேழு கோடியின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆறே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் எப்படி என்று பொருளியலாளர்கள் விவாதிக்கிறார்கள். நெருக்கடியால் பெண்கள் வயலுக்கும் சிறுதொழிலுக்கும் வந்தார்கள் என்பது ஒரு தரப்பு, முன்பு விட்டுப்போனவர்களை இப்போது ஒழுங்காகக் கேட்டுப் பதிகிறார்கள் என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் உண்மை என்பதே என் எண்ணம். "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வேறு பதில் வரும் என்பதை நானே கண்டிருக்கிறேன்.

எண்ணும் விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 16 வயதிலிருந்துதான் எண்ணுவார்கள்; வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் எண்ணில் ராணுவத்தினர் சேர மாட்டார்கள்; குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்திருந்தால்தான் கணக்கில் வருவார். நம் நாட்டில் ஆண்டு முழுவதையும் பார்க்கும் வழக்கமான நிலைக் கணக்கில், முப்பது நாள் துணைத்தொழில் செய்திருந்தாலே போதும். காரைக்குடியில் கல்யாண மாதங்களில் மட்டும் தேன்குழலும் சீப்புச்சீடையும் சுட்டுக் கொடுத்துக் கூலி வாங்கும் பெண் இந்த விதிப்படி தொழிலாளர்தான். அமெரிக்க முறையிலோ, அவர்கள் விசாரிக்கும் அந்த ஒரு வாரத்தில் அவர் அடுப்பு மூட்டாமலும், அதோடு முடியும் நான்கு வாரங்களில் வேறு வேலை தேடாமலும் இருந்திருந்தால், அவர் தொழிலாளர் அல்லர்.

2013ஆம் ஆண்டில் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு வேலை என்பதற்கே புதிய வரையறை தந்தது. கூலிக்கோ வருமானத்துக்கோ செய்வது மட்டுமே அதன்படி வேலைவாய்ப்பு; தன் வீட்டுச் சாப்பாட்டுக்காகவே பயிரிடுபவர் அதில் சேர மாட்டார். இதை ஏற்றுக்கொண்ட ருவாண்டாவில் தொழிலாளர் விகிதம் வெகுவாக இறங்கியது. வயலில் குனிந்தவர்கள் அப்போதும் குனிந்துகொண்டுதான் இருந்தார்கள். நம் கணக்கெடுப்போ சொந்தத் தேவைக்கான விளைச்சலை இன்றும் வேலையாகவே கொள்கிறது. இந்த இரு நாடுகளையும் ஒரே பட்டியலில் வரிசை போடுபவர், மரக்காலால் அளந்த நெல்லையும் படியால் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார். சட்டம் மாறினாலும் எண்ணிக்கை மாறும்: சீனா 2025 ஜனவரி முதல் ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தி, ஆண்களுக்கு 60இலிருந்து 63க்குக் கொண்டு போகிறது.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதே பலம் என்று நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் தொழிலாளர்கள் சுமார் ஏழு கோடி. நம்மில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. டாலர் மதிப்பில் இரு நாடுகளின் மொத்த உற்பத்தி இன்று கிட்டத்தட்ட சமம். 2023-24 கணக்குப்படி நம் உழைப்பாளிகளில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள்; அமெரிக்காவில் இரண்டு பேர்கூட இல்லை. ஆள் குறைவு நம் சிக்கலன்று. உழைப்புக்கு ஏற்ற கருவியும் கூலியும் கிடைக்காததுதான் நம் சிக்கல். எண்ணப்படாத பெண்ணுக்கோ, கூலி குறைவு என்று வாதாடக்கூட இடமில்லை, ஏனென்றால் அவர் வேலை செய்வதாகவே ஏட்டில் இல்லை.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போனவர்கள், பெட்டியடிப் பையன் என்னும் எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்னும் உதவியாளராகி, மேலாள் என்னும் கடைப் பொறுப்பாளராகி, மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பிய வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். பர்மாவின் ரங்கூனிலும் மோல்மேனிலும் அவர்கள் எழுதிய பேரேடுகள் உண்டு. அந்தத் தவணைகளின்போது இங்கே வீட்டையும் வயலையும் மாட்டையும் பார்த்து, நல்லது கெட்டது எல்லாம் நடத்திய ஆச்சிமாரின் உழைப்புக்குப் பேரேட்டில் பக்கம் இருந்ததில்லை. என் அப்பத்தாவும் அவர்களில் ஒருவர்.

போன மாதம் அதே பட்டறைக்கு, எங்கள் வீட்டு முகப்புக்குக் கல் சொல்லப் போயிருந்தேன். அந்த அம்மா தொட்டியருகில் நின்றிருந்தார். இந்த முறை கணவரைக் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை கல் தூக்குவீங்கம்மா?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எண்ணுனதில்ல தம்பி. அவுக போடுறது அம்புட்டும் நான்தானே எறக்கணும், நான்தானே ஏத்தணும்."