முட்டையின் நிறத்துக்குத்தான் காசு குடுக்கிறோம்

கிளிநொச்சிச் சந்தையில் என்றாலும் சரி, விசுவமடுவில் என்றாலும் சரி, "தம்பி, இது ஊர்க்கோழி முட்டையோ, பாம் கோழி முட்டையோ?" என்று கேட்காமல் முட்டை வாங்குகிற அம்மாமார் குறைவு. ஊர்க்கோழி என்றால் விலை கூடினாலும் பரவாயில்லை. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு குடுக்க பாம் முட்டை வாங்கிப் போனால் ஆச்சி வாசலிலேயே மறிப்பா.

ஆக, கூடக் காசு குடுக்க வன்னிச் சனம் எப்பவோ ஆயத்தம். ஆனால் கடைக்காரர் சிவப்பாய் ஒரு முட்டையை எடுத்து நீட்டினால் விசாரணை அதோடு முடிந்துவிடும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. கம்பிக்கூட்டில் அடைபட்ட கோழியும் சிவப்பு முட்டை இடும். மஞ்சட்கருவின் கடும் நிறத்தையும் தீனை மாற்றியே எடுக்கலாம். நாங்கள் கேட்கவேண்டியது, அந்தக் கோழி எப்படி இருந்தது என்று.

முட்டைக்கு நிற்கிற பெட்டைக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். விடியவே கேறத் தொடங்கும். விறகு அடுக்கு, அடுப்படி மூலை, பழைய கடகம் என்று ஒவ்வொன்றாய்த் தலையை விட்டுப் பார்க்கும். ஒன்று பிடித்தால் ஏறி, சுற்றிச் சுற்றி நெஞ்சால் அமத்திக் குழி செய்யும். கலைத்தாலும் திரும்ப அங்கேதான் வரும். கம்பிக்கூட்டுக் கோழிக்கும் இதே அந்தரம் வரும். ஆனால் அதற்குக் கிடைக்கிற இடம் பெரும்பாலும் ஒரு ஏ4 தாளளவுகூட இல்லை. அதற்குள் அங்குமிங்கும் தவித்து, கடைசியில் சரிந்த கம்பியில் இடும். முட்டை உருண்டு வெளியே போகும். இப்படி வருசத்துக்கு 300 வரை. ஒவ்வொரு ஓட்டுக்கும் கிட்டத்தட்ட 2 கிராம் கல்சியம். ஓடியாடித் திரியாத உடம்பில் எலும்பு நொய்ந்து முறியாமல் என்ன செய்யும்?

ஊர்க்கோழி சொர்க்கத்தில் வாழுது என்று சொல்லவரவில்லை. கீரி, பருந்து, அயல்வீட்டு நாய், ராணிக்கெட் நோய் என்று பாதிக் குஞ்சு மிஞ்சினாலே பெரிய காரியம். அது இடுகிற முட்டையும் கொஞ்சம். ஊருக்கே அதால் முட்டை குடுக்க ஏலாது.

இடையில் ஒரு வழி இருக்கு. கொட்டிலில் உமி பரப்பி, கோழியைக் கீழே திரியவிட்டு வளர்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் பழைய வெறுங்கம்பிக் கூட்டை 2012இல் தடை செய்தது. கொட்டிலில் வளர்ப்பவர்களுக்கு அங்கே கணக்கு இருக்கு: ஒரு சதுர மீற்றருக்கு 9 கோழிக்கு மேல் கூடாது, 7 கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, ஏறி நிற்க ஒவ்வொன்றுக்கும் 15 சென்ரிமீற்றர் கொப்பு. முட்டையிலேயே இலக்கம் குத்தியிருக்கும். 3 என்றால் கூட்டுக் கோழி; முட்டைப் பெட்டியும் கொப்பும் வைத்த பெரிய கூட்டை அந்தத் தடை தொடவில்லை. ஜேர்மனியிலும் பிரான்சிலும் எங்கட சனம் அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்குது. அதே சனம் லீவில் வந்து நின்றால் பாம் முட்டையைத் தட்டுக்கணக்கில் இறக்கும்!

பிள்ளைக்கு முட்டை குடுக்கவே காசு காணாத வீட்டுக்கு நான் இதைச் சொல்லவில்லை. 2022இல் சோளம் இறக்க டொலர் இல்லாமல் தீன் தட்டுப்பட்டு, 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கித் தின்ற நாடு இது. நான் சொல்வது ஏற்கெனவே கூடக் குடுக்கிற ஆட்களுக்கும், கலியாண மண்டபக்காரருக்கும், சாப்பாட்டுக் கடைக்காரருக்கும். சட்டத்தை நம்பியிருக்க ஏலாது. மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் போட்ட உச்சத் தண்டம் 100 ரூபா. இன்றைக்கு ஒரு பிளேன்ரீயோடும் வடையோடும் முடிகிற காசு.

யுத்தத்துக்குப் பிறகு வாழ்வாதாரம் என்று கோழி குடுக்காத திட்டம் குறைவு. தனிய நின்று வீட்டைக் கொண்டுபோகிற எத்தனையோ பெண்கள் அதில்தான் பிடித்து எழும்பினார்கள். அவர்களிடம் கம்பிக்கூட்டை 'நவீனம்' என்று கொண்டுபோவதுதான் எனக்குக் கோபம். வன்னியில் காணி இருக்கு. அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மலையாய்க் கிடக்கு. அடுத்தமுறை ஆராவது கூட்டுப் படத்தோடு வந்தால், அந்தக் காசுக்குக் கொட்டில், முட்டைப் பெட்டி, தடுப்பூசி, கீரி நுழையாத வலை என்று எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ. வாங்க ஆள் இருக்கா என்று அவை கேட்டால், முட்டை வாங்கக் கடைக்குப் போகிற எங்கட அம்மாமாரைக் காட்டுங்கோ.