காற்றுச் செடிக்குத் தண்ணீர் வேண்டாமா?

"காற்றுச் செடி காற்றை மட்டுமே உண்டு வாழும், தண்ணீரே தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த டில்லான்சியா என்னும் இச்செடிகள், அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளைகளையும் பாறைகளையும் பற்றி வளர்பவை. மண் வேண்டாம் என்பது வரையில்தான் அச்செய்தி மெய். வேர்கள் பெரும்பாலும் பிடிமானத்துக்கே உதவுவதால், மழையிலும் மூடுபனியிலும் கிடைக்கும் நீரையும் அதில் கரைந்துள்ள தாதுக்களையும் இலைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்களே உறிஞ்சுகின்றன. உலர்ந்த நிலையில் இலைக்கு வெள்ளிச் சாம்பல் நிறத்தைத் தருபவையும் இச்செதில்களே. நனைந்ததும் அவை ஒளியை ஊடுருவ விடுவதால் இலை பச்சையாகத் தெரியும். (சில கடைகளில் இச்செடிகளுக்குச் சாயம் பூசி விற்பது, அவற்றின் வாயை அடைப்பதற்கு ஒப்பானது.)

இச்செடிகள் இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்து, பகலில் பெரும்பாலும் மூடிவைப்பதால் நீரிழப்பு குறைகிறதே தவிர, நின்றுவிடுவதில்லை. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் என்பதும் பிழை. கிளைகளிலிருந்து தாடிபோல் தொங்கும் 'ஸ்பானியப் பாசி' என்னும் இனத்துக்கு, முதிர்ந்தபின் வேரே இருப்பதில்லை. அது பாசியும் அன்று.

வீட்டில் வளர்ப்போர் வாரம் ஒருமுறையேனும் செடியை நன்கு நனைத்து, பின்பு தலைகீழாக வைத்து உலர்த்த வேண்டும். இலையிடுக்கில் நீர் தேங்கினால் நடுக்குருத்து அழுகிவிடும்.