கூல்டிரிங்ஸ்ல எச்ஐவி ரத்தமா? திரும்பவும் அதே பழைய ஃபார்வர்டு
"கம்பெனில வேலை பாக்குற ஒருத்தன் எச்ஐவி ரத்தத்த கூல்டிரிங்ஸ்ல கலந்துட்டான், குடிக்காதீங்க"னு ஃபேமிலி குரூப்ல மறுபடி சுத்துது, கம்பெனி பேரு மட்டும் மாறிட்டே இருக்கும். சுத்தப் பொய்ங்க. அந்த வைரஸ் உடம்புக்கு வெளிய ரொம்ப நேரம் தாங்காது, ஜூஸ் குடிச்செல்லாம் வராது, கொசு கடிச்சாலும் வராது. காண்டம் இல்லாத உறவு, ஒருத்தர் போட்ட ஊசிய இன்னொருத்தர் போடுறது, டெஸ்ட் பண்ணாத ரத்தம் ஏத்துறது, அப்புறம் தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு, இப்படித்தான் பரவும். 1986ல இந்தியாவுலயே முதல்முறையா இத கண்டுபிடிச்சது நம்ம சென்னைலதான், இத்தன வருஷம் கழிச்சும் ஜூஸ் பாட்டிலத்தான் சந்தேகப்படுறோம், காண்டம்னு சொல்ல மட்டும் வாய் வராது. நெஜமாவே பயமா இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ஃப்ரீயா டெஸ்ட் எடுக்கலாம், 1097க்கு போன் பண்ணியும் கேக்கலாம். ரிஸ்க் ஆயிடுச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள போங்க, தடுப்பு மாத்திரை இருக்கு.