மீட்டியோர் வாங்கியாச்சா? சைலன்சர் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 டெலிவரி எடுத்த வாரத்திலேயே பாதிப் பேர் கேட்பது "என்ன சைலன்சர் போடலாம்?" என்றுதான். கேள்வியே தப்பு என்பது என் கருத்து. இந்த வண்டியில் காசு போட வேண்டியது நம் உடம்பு வண்டியைத் தொடும் இடத்திலும், வண்டி ரோட்டைத் தொடும் இடத்திலும். சீட், ஹேண்டில்பார், பின் ஷாக், டயர். அப்புறம் வெளிச்சம். சைலன்சர் கடைசி வரியில் இருந்தால் போதும், இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 191 கிலோ எடை. இதில் குழாயை மாற்றி எடுக்கும் பவர், ஓட்டும்போது தெரியாத அளவுதான். சத்தம் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது பழைய வார்ப்பிரும்பு புல்லட்டின் 'டப் டப்'. அது 70 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்கு 90 மி.மீ. என்ற நீள ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கனத்த ஃபிளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரம்) கொடுத்த சத்தம். மீட்டியோரின் எஞ்சின் 72-க்கு 85.8, உள்ளே அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் வேறு. வெற்றுக் குழாயை மாட்டினால் வருவது புல்லட் சத்தம் இல்லை, ஓட்டை சைலன்சர் சத்தம்.

ஆக்சிலேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கிறதே, அதை ரசிப்பவர்கள் உண்டு. குழாய் ஜாயின்ட்டில் காற்று உள்ளே போகிறது, இல்லையென்றால் கலவை மெலிந்திருக்கிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) என்பதற்கான அடையாளம் அது. ஆக்சிஜன் சென்சார் சீரான ஓட்டத்தில்தான் பெட்ரோலைத் திருத்தும். முழு ஆக்சிலேட்டரில் ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) தன்னிடம் இருக்கும் பழைய கணக்கைத்தான் போடும். காற்றை அதிகம் விடும் ஃப்ரீ ஃபில்டரும் சேர்த்துப் போட்டால் கலவை இன்னும் மெலியும், சூடு ஏறும். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசிக்குத் தனிக் கணக்கு.

இனி சீட். க்ரூசரில் கால் முன்னால் நீட்டியிருக்கும். பள்ளம் வந்தால் சாதா பைக்கில் புட்ரெஸ்ட்டை மிதித்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். இதில் அது நடக்காது. அடி முழுக்க வால் எலும்புக்கும் கீழ் முதுகுக்கும் போகிறது. அதனால் சீட்டையும் பின் ஷாக்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

ஷாக்கில் தொடங்குங்கள், செலவே இல்லை. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டு ஓரத்தில் ஒரு டேப் ஒட்டி, இரண்டுக்கும் இடையே அளவெடுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் பையோடு உட்கார்ந்து, கால் இரண்டும் புட்ரெஸ்ட்டில் இருக்க, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். வித்தியாசம், பின் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஆறு படி பிரீலோடில் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட்) ஒரு படி ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படி. ஒன்றை மறக்காதீர்கள்: பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டியின் பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். கடைசிப் படியிலும் தொய்கிறதென்றால் உங்கள் எடைக்கு வேறு ஸ்பிரிங் வேண்டும். அப்போதுதான் புது ஷாக் பற்றி யோசிக்க வேண்டும்.

சீட்டுக்கு சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எத்தனையோ கடை. போவதற்கு முன் ஒரு நிபந்தனை: ஒரிஜினல் ஃபோமை அறுக்க விடாதீர்கள், தனி சீட் வாங்கி அதில் வேலை செய்யுங்கள். கடைக்காரர் காட்டும் ஃபோமில் முழங்காலை ஊன்றி எடையைப் போட்டுப் பாருங்கள். அடித்தட்டு முட்டினால் அது தூரப் பயணத்துக்கு ஆகாது. கையால் அமுக்கினால் மெத்தென்று இருப்பதெல்லாம் 100 கிலோமீட்டரில் பலகையாகிவிடும். ஜெல் பேடை ரெக்சினுக்கு நேர் கீழே வைத்தால் மே மாத வெயிலில் தோசைக்கல்தான். மேலே ஒரு அடுக்கு ஃபோம் வேண்டும். உட்காரும் இடத்தில் தையல் வரக்கூடாது, மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் ஃபோமுக்குள் இறங்கும். சீட் உயரம் 765 மி.மீ.; ஒரு இன்ச் ஏற்றினால் 790 ஆகும், அகலமும் கூடினால் கால் எட்டாது.

ஹேண்டில்பாரில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. உயரமான பார், பாரைத் தூக்கிவைக்கும் ரைசர், எதுவானாலும் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் ஒயர்கள் எல்லாம் ஒரிஜினல் பாருக்கு அளந்து வைத்தவை. மாட்டிய பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு, பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினால்கூட ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். யூ-டர்ன் அடிக்கும்போது வண்டி தானாக முன்னால் பாயும். கிளட்ச் லிவரில் இரண்டு மூன்று மி.மீ. தொய்வு இரு கோடியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி கிளட்ச்சிலேயே ஓடி பிளேட் தேயும். பிரேக் ஹோஸை முன் சக்கரம் தொங்கும் நிலையில் பாருங்கள், ஃபோர்க் 130 மி.மீ. நீளும். ஸ்டாண்டு போட்டு நிற்கும்போது சரியாகத் தெரியும் ஹோஸ், ஸ்பீட் பிரேக்கரில் எழும்பி இறங்கும்போது விறைத்துக்கொள்ளும்.

ஹோஸ் மாற்றினால், ஹோஸ் முனையைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புது காப்பர் வாஷர். பழையதைத் திருப்பிப் போட்டு டைட் வைக்கும் வேலை வேண்டாம், கசியும். பிரேக் ஆயில் டாட் 4 மட்டும், அது டேங்க் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று மாட்டினால் லிவரை அடித்து அடித்து எடுக்க முடியாது, சர்வீஸ் சென்டரின் கருவி வேண்டும்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் 140/70-17. அதே ரிம்மில் 150 மி.மீ. அகல டயரைத் திணித்தால் பார்க்கக் கும்மென்று இருக்கும். ஆனால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு வளைவு மாறி, திருப்பத்தில் வண்டி படுக்க மறுக்கும்.

ஒயரிங். 60/55 வாட் ஹாலஜன் ஹெட்லைட்டோடு வந்த மீட்டியோர்களில், அது நெடுஞ்சாலைக்குப் போதவில்லை என்பது நியாயமான குறை. அதற்கு 100/90 வாட் பல்பு மாட்டினால் 5 ஆம்பியர் போன ஒயரில் 8-க்கு மேல் ஓடி, ஹோல்டர் உருகும். தலா 20 வாட்டில் இரண்டு எல்இடி துணை விளக்கு போதும்: மொத்தம் 40 வாட், சுமார் 3.3 ஆம்பியர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் (சிறு சிக்னலில் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) 30-ஆம் எண் முனை, 87-இலிருந்து விளக்கு, 85 எர்த், 86-க்கு பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக சிக்னல். சாவியை எடுத்தால் விளக்கும் அணையும். எர்த்தை பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோங்கள், பெயின்ட் அடித்த பிரேமை நம்ப வேண்டாம்.

ஒயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் ஜாயின்ட் எஞ்சின் சூட்டில் பசை இளகி நழுவும், உள்ளே ஈரம் போய் காப்பர் பச்சை பிடிக்கும். கப்ளர் போடுங்கள், அல்லது கிரிம்ப் செய்து (உலோக முனையில் ஒயரை நசுக்கிப் பிடித்து) சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஸ்டீயரிங் கழுத்தில் ஒயருக்குத் தொய்வு விடுங்கள். அங்கே நசுங்கி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் வண்டியின் மொத்த ஒயர் கட்டான ஹார்னஸ் போகும். எஞ்சின் ஆஃபில் விளக்கு எரிய விட்டு அரட்டை அடிக்காதீர்கள். பேட்டரி 8 ஆம்பியர் மணிதான், கிக்கரும் கிடையாது. விளக்கின் ஒளி 25 அடி தள்ளி இருக்கும் சுவரில், விளக்கின் உயரத்துக்கு நாலு விரல் கீழே விழட்டும். எதிரே வருபவனும் வீடு போய்ச் சேர வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கு 190(2) தனியாக 10,000 வரை. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு வரம்பு 80 டெசிபல். கலர் மாற்றினால் ஆர்சி புக்கில் ஏற்ற வேண்டும். கம்பெனியே 'மேக் இட் யுவர்ஸ்' என்று புக்கிங்கிலேயே சீட், விண்ட்ஸ்கிரீன், பேக்ரெஸ்ட் கொடுக்கிறது. அந்த வழியில் எடுத்தால் வாரன்டி தகராறு இல்லை.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளுக்குத் தள்ளிவிடாதீர்கள். போல்ட்டுகளை எந்த இடத்துக்கானது என்று எழுதித் தனித்தனிக் கவரில் போட்டு, அந்தந்தப் பாகத்தோடேயே கட்டி வையுங்கள்.