போனது பம்ப் இல்லை, 18,400 ரூபாய்

"பம்பு போயிருச்சுண்ணே." இந்த ஒரு வாக்கியத்தை இனிமேல் எவனாவது என்னிடம் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பம்பு என்றால் காரின் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப். 19 நாள் கேட்டிருக்கிறேன் இதை. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் புளியரைக்கு இந்தப் பக்கம் தமிழில், அந்தப் பக்கம் மலையாளத்தில்.

சாரல் சமயம். புனலூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஆரியங்காவு, கோட்டைவாசல் வழியாகக் காரில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். புளியரை எஸ் வளைவு தெரிந்தவர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் முக்கி முக்கி ஏறும், இறக்கிவிட்டுக் காலியாக வருகிறவை தலைதெறிக்க இறங்கும். முன்னால் போன ஒரு காலி டிப்பர் சட்டென்று பிரேக் அடித்தது, நானும் அடித்தேன், ஈர ரோடு, போய் அதன் பின்னால் சொருகிக்கொண்டேன். வேகம் 30 கூட இருக்காது. பம்பர் உடைந்தது, பானெட் சுருண்டது, ஒரு ஹெட்லைட் காலி. ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. இடித்த அந்த நொடியே எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் வண்டி எடுக்கவில்லை. இடித்ததும் நின்றது, செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் போதும், இந்தப் பதிவே இருந்திருக்காது.

முதல் கடை செங்கோட்டைப் பக்கம். பையன் பானெட்டைக் கம்பியால் நெம்பித் திறந்தான், செல்ஃப் அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான், பேட்டரி இறங்குகிறவரை அடித்தான். இறங்கியதும் "பேட்டரி வீக்குண்ணே" என்றான்! புதுப் பேட்டரி 5,200 ரூபாய். அதையும் போட்டு அடித்தான். எடுக்கவில்லை. "அப்ப பம்புதான். இந்த மாடலுக்கு இங்க கெடைக்காது, புனலூர்ல கெடைக்கும், அங்கயே குடுத்திருங்க."

சரி என்று ரிகவரி வண்டிக்கு 3,000 கொடுத்து, எந்தக் கணவாயில் இடித்தேனோ அதே கணவாய் வழியாக, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தை ரிகவரி வண்டியின் முன்சீட்டிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே திரும்பப் போனேன். அங்கே கடை பெரியது, தரை சுத்தம், சுவரில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பார்த்ததும் நம்பிவிட்டேன். சேட்டன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டிஎன் நம்பரைப் பார்த்தார், "அவிடத்துக்காரங்க கை வெச்ச வண்டியா" என்று ஒரு சிரிப்பு. அப்புறம் அதே பல்லவி: "பம்பு அடிச்சுப் போயி அண்ணாச்சி."

எப்படித் தெரியும் சேட்டா என்று கேட்டேன். "எக்ஸ்பீரியன்ஸ்."

பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைக் கழற்றி, புது பம்ப் 8,700, கூலி 1,500. மாட்டினார்கள். செல்ஃப் அடித்தார்கள். புது பம்ப்பும் ஓடவில்லை. இங்கேயாவது ஒரு மனுசனுக்கு உறைக்க வேண்டாமா? பழையதும் ஓடவில்லை, புதியதும் ஓடவில்லை என்றால் கோளாறு பம்ப்பில் இருக்குமா, பம்ப்புக்குப் போகிற கரண்டில் இருக்குமா? எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்வான். சேட்டன் சொன்னது: "இது டூப்ளிகேட் பீஸ் ஆகும், வேற வரவழைக்கலாம்." அதுவும் இல்லையென்றால் போர்டு போயிருக்குமாம், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர்.

அன்று ராத்திரி ஷார்ஜாவில் இருக்கும் மச்சானிடம் போனில் புலம்பினேன். அவர் அங்கே ஒரு கேரேஜில் எலக்ட்ரீசியன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, சாவிய ஆன் மட்டும் பண்ணும்போது பின்சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு ஙொய்ங்னு ஒரு சத்தம் வருதா?" தெரியாது என்றேன். "ரெண்டு கடையிலயும் ஒருத்தன்கூட அதைக் கேட்டுப் பாக்கலியா?"

கேட்டுப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. மச்சான் சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்துக்கொண்டது இதுதான். சாவி ஆன் ஆனதும் பம்ப் இரண்டு வினாடி ஓடி லைனில் பெட்ரோலை ஏற்றும், அந்தச் சத்தம் வந்தால் பம்ப்பை விட்டுவிட்டு பிளக்கில் பொறி வருகிறதா, எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஒயர் இடித்ததில் அறுந்ததா, திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரின் விளக்கு எரிகிறதா என்று போக வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் ஃப்யூஸ். அப்புறம் பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலே, பக்கத்தில் அதே நம்பரில் ஹார்ன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. அதற்கும் அசையவில்லையென்றால் பின்சீட்டைத் தூக்கி பம்ப் கனெக்டரில், கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப் வைக்க வேண்டும், அதிலும் ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் விளக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கரண்ட் அந்த இரண்டு வினாடிதான் வரும். விளக்கு எரிந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்ப் ஓடாவிட்டால் மட்டும்தான் பம்ப் போய்விட்டது என்று வாயைத் திறக்கலாம். எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம். டெஸ்ட் லேம்ப் என்ன விலை? நூறு, இருநூறு ரூபாய்.

"அதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க" என்றார் மச்சான். "முன்சீட்டுல பக்கத்துல உக்கார்றவங்க கால் வைக்கிற எடத்துல, ஓரமா ஒரு பட்டன் இருக்கும்."

இருந்தது. ஃபியட், ஃபோர்டு மாதிரி பழைய கார்கள் பலவற்றில் இது உண்டாம். உள்ளே ஒரு இரும்புக் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். வண்டி இடித்தால் குண்டு காந்தத்தை விட்டு எகிறி ஒரு நெம்புகோலைத் தட்டும், பம்ப்புக்குப் போகிற கரண்ட் துண்டிக்கப்படும். டியூப் ஏதாவது அறுந்திருந்தால் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சி வண்டி தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. பார்க்கிங்கில் லேசாக இடித்தால்கூட சில சமயம் தட்டிவிடும் என்றார். ஏர்பேக் உள்ள புது வண்டிகள் பலவற்றில் இந்தக் குண்டு கிடையாது, ஏர்பேக் கம்ப்யூட்டரே சேதி சொல்லி பம்ப்பை நிறுத்திவிடும்.

மறுநாள் காலையில் புனலூர் போய், வண்டிக்கு அடியில் குனிந்து எங்காவது சொட்டுகிறதா, வாடை வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு (மச்சான் அதை மூன்று தடவை சொன்னார்), துருத்திக்கொண்டு நின்ற பட்டனை அமுக்கினேன். டக். சாவியை ஆன் செய்தேன். பின்னால் ஙொய்ங். ஒரே அடியில் எடுத்தது. முன்மூஞ்சி நொறுங்கிக் கிடந்த வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமுகிறது, நான் கடைக்கு நடுவில் நிற்கிறேன், சேட்டன் டீ கிளாஸோடு பார்க்கிறார். "ஓ, அது சின்ன விஷயந்தானே அண்ணாச்சி" என்கிறார். சின்ன விஷயமா!

இதைவிட எரிச்சல், இது வண்டியோடு வந்த புத்தகத்திலேயே படத்தோடு போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் டேஷ்போர்டு பெட்டிக்குள், பட்டனுக்கு ஒரு முழம் மேலே, இத்தனை நாளும் கிடந்திருக்கிறது. எடுத்துப் படிக்காத என் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மெக்கானிக் இல்லையே.

இன்சூரன்ஸ் சர்வேயர் பம்பருக்கும் பானெட்டுக்கும் எழுதினார், பம்ப்பைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். இடித்ததில் உடையாத பாகத்துக்கு எப்படித் தர முடியும் என்றார். இந்தக் கதையில் நான் குறை சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான். பேட்டரியும் என் கணக்கில்தான்.

சரி, பழைய பம்ப்பையாவது கொடுங்கள், நன்றாக இருந்த பம்ப்தானே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டானாம்.

இப்போது வண்டி ஓடுகிறது. ஆனால் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் உள்ளே வாடை தாங்கவில்லை, புது பம்ப்பை மாட்டும்போது மூடியின் ரப்பர் வளையத்தை நசுக்கி வைத்திருக்கிறார்கள். நேற்று போன் செய்தேன். கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள், கூலி மட்டும் 350 ஆகுமாம்.