ஒன்றரை மில்லிமீட்டர்

நேற்று ஒரு பள்ளி ஆண்டு மலரின் புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கிற பிரதி) கைக்கு வந்தது. ஆசிரியர்கள் பக்கத்தில் ஒரே வரிசையில் ஐந்து படங்கள், நடுவில் தலைமை ஆசிரியை, அவர் படம் மட்டும் கொஞ்சம் பெரிசு. பார்த்ததுமே, பக்கத்தில் நிற்பவர்கள் அவரை நெருக்கித் தள்ளுகிற மாதிரி இருந்தது. பக்கம் போட்ட தம்பியிடம் கேட்டால், "சார், இன்டிசைன்ல டிஸ்ட்ரிபியூட் போட்டுத்தான் வச்சேன். அது எப்படி சார் தப்பா வைக்கும்?" என்கிறான்.

இன்டிசைன், பக்கம் வடிவமைக்கிற மென்பொருள். டிஸ்ட்ரிபியூட், படங்களைச் சம தூரத்தில் பரப்பி வைக்கிற வசதி. அது தப்பாக வைக்கவில்லை. இவன் அமுக்கிய பட்டன்தான் வேறு.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாள் 210 மி.மீ. அகலம். இரண்டு பக்கமும் 15 விட்டால் மிச்சம் 180. நான்கு படங்கள் 30 அகலம், நடுப்படம் 42. தம்பி அமுக்கியது படங்களின் மையங்களைச் சம தூரத்தில் வைக்கிற பட்டன். மையத்துக்கு மையம் 37.5 சரியாக வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஓரத்திலும் அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே 7.5 மி.மீ. சந்து, தலைமை ஆசிரியைக்கு இரண்டு பக்கமும் வெறும் 1.5! இந்தப் பட்டன்கள் இருக்கிற அலைன் பேனலில் (ஷிஃப்ட் எஃப்7 அமுக்கினால் திறக்கும்) கீழே 'டிஸ்ட்ரிபியூட் ஸ்பேசிங்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் நான்கு சந்தும் 4.5.

பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள் காலத்திலிருந்து பக்கம் போடுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்: படிக்கிறவர் கண்ணுக்கு மையம் தெரியாது, சந்துதான் தெரியும். படங்கள் ஒரே அளவாக இருந்தால் எந்தப் பட்டனும் ஒன்றுதான். அளவு மாறினால் ஸ்பேசிங் பக்கம் போங்கள். அதே பேனலில் மேலே இருக்கிற 'யூஸ் ஸ்பேசிங்' கட்டத்தில் 5 என்று அடித்துவிட்டு, படமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது என்று அலறியவர்களும் உண்டு. இடது ஓரப் பட்டனை அமுக்கினால் அது ஒரு படத்தின் இடது ஓரத்துக்கும் அடுத்த படத்தின் இடது ஓரத்துக்கும் 5 மி.மீ. வைக்கும். ஏறாமல் என்ன செய்யும்?

இதெல்லாம் வேண்டாம், கண் பார்வையிலேயே வைத்துவிடலாம் என்கிற சீனியர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கம். தமிழ்ப் பெயரைப் பெயர்ப் பட்டைக்கு நடுவில் வைக்கும்போது மென்பொருளை அப்படியே நம்ப முடியாது. 'கீதா'வுக்கு மேலே சுழி, 'முருகு'வுக்குக் கீழே வால். மென்பொருள் எழுத்துருவின் அளவை வைத்து நடுவில் வைக்கும். மை எங்கே விழுகிறது என்று பார்க்காது. அங்கே கண்ணால் பார்த்து நகர்த்த அம்புக்குறி விசைதான்.

சரி, தம்பி திருத்திக் கொடுத்தான், பள்ளிக்கு அனுப்பினோம். சாயந்திரம் போன்: "எல்லாம் நல்லா இருக்கு சார். மேடம் படத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க." 50 ஆக்கினோம். சந்து இப்போது இரண்டரை.