டாக்டருக்குத் துணையாக இன்னொரு டாக்டர்

தொலைமருத்துவம் என்றாலே வீட்டில் இருந்தபடி போனில் டாக்டரைப் பார்ப்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல வசதிதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்க, ரிசல்ட் காட்ட, மனநல ஆலோசனை பெற அது பெரும்பாலும் போதும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் உட்கார வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய மாற்றம் டாக்டருக்கும் டாக்டருக்கும் நடுவில் நடக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் நிபுணர் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி வந்தவர்கள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அவர் அந்த நோயாளிகளைத் திரையில் பார்க்கக் கிளம்பவில்லை. கிராமப்புறங்களிலும் சிறைகளிலும் வேலை பார்த்த மருத்துவர்களை வாராவாரம் வீடியோவில் கூட்டினார். ஒருவர் தன் நோயாளியின் நிலையைச் சொல்வார், நிபுணர்கள் வழிகாட்டுவார்கள், மற்றவர்கள் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். சிகிச்சை கொடுப்பது அந்தந்த ஊர் மருத்துவர்தான். அப்போதிருந்த இன்டர்ஃபெரான் சிகிச்சை லேசானது இல்லை. காய்ச்சல், ரத்தசோகை, மனச்சோர்வு என்று ஆளைப் படுத்தி எடுக்கும். அப்படியிருந்தும் 2011-இல் வெளியான ஆய்வில், அரோராவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேருக்கும், எக்கோ மையங்களில் 58.2 சதவீதம் பேருக்கும் வைரஸ் நீங்கியிருந்தது. நிபுணரை நேரில் பார்க்காதவர்களுக்கும் அதே பலன்! இதைப் படித்ததிலிருந்து தொலைமருத்துவம் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது.

பக்கவாதத்தையும் சொல்ல வேண்டும். மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரத்தக்கசிவு இருந்தால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. சின்ன மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் இருக்கும், நரம்பியல் நிபுணர் இருக்க மாட்டார். அவர் தூரத்திலிருந்து ஸ்கேனைப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, பேசச் சொல்லி, வீடியோவிலேயே முடிவெடுக்கிறார். ஊசி போடுவது நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்.

இரண்டிலும் நோயாளியின் அருகே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார் என்பதுதான் விஷயம். திரை வழியாக வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. வலி எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்லத் தெரியாத முதியவரின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. செவிலியர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அங்கே ஒரு செயலியை வைப்பது செலவைக் குறைக்கும் வழி, அவ்வளவுதான்.

அப்புறம் பணம். நோயாளியைப் பார்த்தால் கட்டணம் உண்டு. இன்னொரு மருத்துவருக்கு அரை மணி நேரம் வழிகாட்டினால் பல இடங்களில் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அரசுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்த அரை மணி நேரத்துக்கு முதலில் ஊதியம் கொடுக்கட்டும். கூடவே, நோயாளியின் பக்கத்தில் நின்று நாடி பிடித்துப் பார்க்கும் செவிலியரின் நேரத்துக்கும்.